சகாயம்மாள் செய்த இரும்புப் பொருத்தனை

சவரிராஜ் இனிமேல் இரும்பைத் தொடக் கூடாது என்ற செய்தி, அவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கு முன்பே கீழ்வேளூர் வந்து சேர்ந்துவிட்டது. வாடகைக் கார் வீட்டு வாசலில் நின்றதும், இடது காலில் தொடை வரை மாவுக்கட்டோடு பின்சீட்டில் நீட்டிக் கிடந்தவர் கதவைத் திறக்கக் கையை நீட்டினார்.

"ஐயையோ, கையை எடுங்க!"

வாசலில் நின்ற நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கார்க் கதவு இரும்பாயிற்றே!

பாய்ந்து வந்து கதவைத் திறந்துவிட்டவர் காதர் மைதீன். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். சவரிராஜுக்கு நாற்பது வருஷத்துக் கூட்டாளி. எவர்சில்வர் அசல்தானா என்று சந்தேகப்படுகிற வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு இருக்கும். அதை எடுத்துக் கார்க் கதவில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இரும்பேதான் மாப்ள. தப்பிச்சே, போ."

சவரிராஜுக்கு வயது ஐம்பத்தேழு. அரசு நெல் கிடங்கில் முப்பது வருஷம் எடை போட்டுவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். வேலையில் இருந்த நாளில் பகலெல்லாம் பிறர் நெல்லை நிறுத்துவார். மாலையானால் காதர் மைதீன் கடைக்குப் பின்னால் இருக்கிற கொட்டகைக்குப் போய்த் தன் சந்தோஷத்துக்காகப் பளு தூக்குவார். கொட்டகையில் இருந்ததெல்லாம் ஒரு பழைய வண்டி அச்சும், மூடிப்போன அரிசி ஆலையிலிருந்து வந்த பல்சக்கரங்களும்தான். தொண்ணூற்றெட்டாம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, துபாயில் வேலை பார்க்கும் காதரின் மகன் சைபுல்லா கப்பலில் ஒரு பெட்டி அனுப்பினான். மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் டிவியும் மிக்ஸியும் அனுப்பிய காலத்தில் அவன் அனுப்பியது பந்தயங்களில் தூக்குகிற அசல் கம்பி. இருபது கிலோ. முனைகள் இரண்டும் தாமாகச் சுழலும். கூடவே சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கிற தட்டுகள்.

அசல் கம்பியைக் கண்டதும் சவரிராஜுக்குத் தன் வயது மறந்துபோயிற்று. முதல் நாளே நூறு கிலோவை மாட்டச் சொன்னார். குந்தி வாங்கி எழுந்திருக்கும்போது, புது நெல்மூட்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். எந்த மூட்டை கிழிந்தது என்று அவரே திரும்பிப் பார்த்தார். கிழிந்தது இடது முட்டிக்குக் கீழே இருந்த தசைநார்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது, வெளியே நடையில் அவர் மனைவி சகாயம்மாள் முழங்காலில் நின்றாள். "வேளாங்கண்ணித் தாயே, இவரு காலு பழையபடி ஆகணும். அதுக்காக இவரு இனிமே இரும்பையே தொட மாட்டாரு. இது என் பொருத்தனை" என்று உரக்கச் சொன்னாள். இரண்டு நர்சுகளும், காதர் மைதீனும், புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு குடும்பமும் சாட்சி. மயக்கம் தெளிந்த சவரிராஜிடம் அவள் விஷயத்தைச் சொன்னபோது அவர் "சரி" என்றுவிட்டார். அப்போது யார் எதைக் கேட்டிருந்தாலும் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

முழுசாகத் தெளிந்த பிறகுதான் வில்லங்கம் புரிந்தது.

"சகாயம், நீ கம்பியைத்தானே நெனச்சே?"

"நெனச்சது கம்பிதான். சொன்னது இரும்பு. மாதா காதுல விழுந்தது நான் சொன்னதுதானே?"

கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் சகாயம்மாள் ஒரு பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. அவள் வாக்கைக் காப்பாற்றுவது தன் கடமை என்றுதான் அவருக்குப் பட்டது. ஆனால் மனதின் அடியில் ஓர் ஆசை கிடந்தது. ஒரே ஒரு தரம் தோளில் பளுவோடு அடி வரை குந்தி எழுந்துவிட வேண்டும். பந்தயத்துக்கு இல்லை, பதக்கத்துக்கு இல்லை. அந்தச் சத்தத்தோடு முடிந்தது என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கப்புறம் கிழவனாக அவருக்குப் பூரண சம்மதம்.

ஆனால் இரும்பைத் தொடாமல் மனிதன் வாழ்வது எப்படி? கட்டில் இரும்பு, மேலே இரண்டு ஜமுக்காளம் விரித்தார்கள். ஜன்னல் கம்பி இரும்பு, தாழ்ப்பாள் இரும்பு, வாசல் கேட் இரும்பு. எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தபோது அவர் கையைக் கட்டிக்கொண்டார். காதர் மைதீன் காந்தத்தை வைத்துப் பார்த்து, "ஒட்டலே. குடி" என்று தீர்ப்பு சொன்னார். அதிலிருந்து எதைத் தொடுவதானாலும் காந்தத்துக்குத்தான் கடைசி வார்த்தை. சவரக் கத்தி ஒட்டியது. சவரிராஜுக்குத் தாடி வளர்ந்தது. "தாடியோட பாக்க எங்க நாகூர்க்காரர் மாதிரி இருக்கே மாப்ள, தொப்பி ஒண்ணு வாங்கித் தரவா?" என்று காதர் குஷியாகிவிட்டார்.

ஊர் இதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டது. கோலூன்றி அவர் டீக்கடைக்கு வந்தால் இரும்பு நாற்காலியை நகர்த்திவிட்டுப் பலகையைப் போட்டார்கள். நாகப்பட்டினம் பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடிக்க முடியாது என்று கண்டக்டரே இரண்டு பேரைக் கூப்பிட்டு, "ஐயாவுக்கு ரெண்டு பக்கமும் அண்டக் கொடுங்கய்யா" என்றார். ஒரு நாள் பூசைக்குப் போனபோது கோயில் கேட்டின் கொண்டியில் தேங்காய்க் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருந்தது. சுற்றியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. சவரிராஜ் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். கோயிலுக்குள் போகும் முன்பே செபம் முடிந்த மாதிரி இருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் உலக்கையாக இருந்தது. மடங்கவே இல்லை. நாகூரிலிருந்து சஃபியா வந்தாள். காதர் மைதீனின் தம்பி மகள். சென்னையில் பிசியோதெரபி படித்தவள். அவள் புருஷன் சிங்கப்பூரில் இருந்தான். மெஷின் வைத்து வைத்தியம் பண்ண அவன் பெரிய திட்டமெல்லாம் எழுதிக்கொண்டிருந்தான். வந்து சேரும் வரை அவளிடம் இருந்தது ஒரு துண்டு, ஓர் அளவு நாடா, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த பாகைமானி ஒன்று.

"மாமா, மடக்குங்க."

"மடக்கிட்டேனே."

"பதினஞ்சு டிகிரி. இதுக்குப் பேரு மடக்கறது இல்ல, மனசுல நெனைக்கறது."

செவ்வாயும் வெள்ளியும் அவள் வந்தாள். பதினைந்து முப்பதாயிற்று, முப்பது அறுபதாயிற்று. தொண்ணூறு வந்த அன்று காதர் மைதீன் கடையிலிருந்த எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். ஆனால் சஃபியா தொடையை நாடாவால் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இடது தொடை வலதைவிட இரண்டு அங்குலம் குறைவு.

"மடங்குது மாமா. ஆனா சதை வத்திப் போச்சு. பளு வச்சுப் பண்ணாம இது திரும்ப ஏறாது. இப்படியே விட்டா ஆயுசுக்கும் கோல்தான்."

பளு என்றால் இரும்பு. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு காதர் மைதீன் எழுந்து தன் கடைக்குள் போனார். பித்தளைக் குடம் ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்தார். காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை.

அப்படித்தான் பித்தளை வைத்தியம் ஆரம்பித்தது. முதலில் குடம், பிறகு தவலை. அதற்கும் மேலே போக வேண்டிய கட்டத்தில் ஒரு மூங்கில் கழியின் இரண்டு முனையிலும் பதினைந்து பதினைந்து கிலோ நெல்மூட்டையைக் கட்டித் தோளில் ஏற்றினார்கள். பாதி குந்தும்போது சர்ரென்று ஒரு மூட்டை கிழிந்தது. நெல் கொட்டிய வேகத்தில் அக்கம்பக்கத்துக் கோழிகள் அத்தனையும் கொட்டகைக்குள் பாய்ந்தன. காதர் மைதீன் விழுந்து விழுந்து சிரித்தார். சவரிராஜ் சிரிக்கவில்லை. முகம் வெளிறி, முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழிந்தது மூட்டைதான் என்று நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆடுற மூட்டையை வச்சுக்கிட்டுப் பண்ணினா முட்டி திருகிடும்" என்றாள் சஃபியா. "ஆடாத கம்பிதான் வேணும். நான் மாமிகிட்ட பேசறேன்."

சகாயம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஏம்மா, நீங்க தர்காவுல நேந்துக்கிட்டா பாதியில விடுவீங்களா?" என்றாள்.

"விட மாட்டோம் மாமி" என்றாள் சஃபியா, உள்ளது உள்ளபடி.

சவரிராஜ் அவளைப் பார்த்த பார்வையில், நீ யார் பக்கம் என்ற கேள்வி இருந்தது.

"ஆனா சந்தேகம்னா எங்கள்ல ஹஜரத்தைக் கேப்போம். உங்க சாமியாரைக் கேட்டுப் பாக்கலாமே மாமி?"

அதில் சகாயம்மாளுக்கு ஆட்சேபம் இல்லை. சித்திரை வெயிலில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பங்குச் சாமியார் ஆன்டோவைப் பார்க்கப் போனார்கள். சின்ன வயசுக்காரர், எதையும் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

"என்ன சொல்லிப் பொருத்தனை பண்ணினீங்க?"

"இவரு இரும்பைத் தொட மாட்டாருன்னு, சாமி."

"சொன்னது யாரு?"

"நான்தான்."

"இவரைக் கேட்டீங்களா?"

"இவரு மயக்கத்துல இருந்தாரு சாமி."

சாமியார் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். "பொருத்தனை யாரு பண்றாங்களோ அவங்களை மட்டும்தான் கட்டும்மா. அடுத்தவங்களை அதுல இழுத்துக் கட்ட முடியாது. திருச்சபைச் சட்டமே அதுதான். இவரைக் கட்டாது."

சவரிராஜுக்கு நாற்காலியிலிருந்து துள்ளத் தோன்றியது. துள்ளுகிற கால்தான் இல்லை. சகாயம்மாள் அசையாமல் இருந்தாள்.

"அப்ப நான் மாதாகிட்ட சொன்னது பொய்யா சாமி?"

"பொய்யின்னு இல்லம்மா... பொருத்தனை உங்களோடது..."

"அப்ப என்னைக் கட்டும்."

"அம்மா, நான் அப்படிச் சொல்ல வரல. பங்குச் சாமியாருக்கு இதை விலக்கிவிட அதிகாரம் இருக்கு. இப்பவே நான்..."

"வேண்டாம் சாமி. கால் பாதிக்கு மடங்குது. அவங்க கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. இந்த நேரத்துல நான் தள்ளுபடி கேட்டா நல்லாவா இருக்கும்? இவரு கால் முழுசா சரியாகிற வரைக்கும் நான் இரும்பைத் தொடல."

சாமியார் புத்தகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

வெளியே வந்தார்கள். சாமியார் வீட்டு கேட் அடைத்திருந்தது. அதற்கு இன்னும் யாரும் கயிறு சுற்றவில்லை. சகாயம்மாள் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சவரிராஜ் கோலூன்றி முன்னால் போய், நாலு மாதத்துக்கு அப்புறம் முதன்முதலாக வெறுங்கையால் இரும்பைப் பிடித்தார். வெயிலில் காய்ந்த இரும்பு சுரீரென்று சுட்டது. அவர் கையை எடுக்கவில்லை. கேட்டை அகலத் திறந்து, "வா சகாயம்" என்றார், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர் மாதிரி.

மறுநாள் காலையில்தான் மீதி விவரம் தெரிந்தது. தோசைக்கல் இரும்பு. தோசைத் திருப்பி இரும்பு. அரிவாள்மணை இரும்பு. தேங்காய்த் துருவி இரும்பு. சகாயம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டு மகாராணியாக உட்கார்ந்தாள்.

"மாவை ஊத்துங்க. நடுவுல ஊத்திச் சுத்துங்க. அய்ய, எண்ணெய் விட மறந்துட்டீங்களே."

முதல் தோசை கல்லை விட்டு வர மறுத்தது. இரண்டாவது தோசை கொஞ்சம் வந்தது, கொஞ்சம் தங்கிவிட்டது. மூன்றாவதைப் பார்த்து சகாயம்மாள் சிரிக்க ஆரம்பித்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நாற்காலியோடு குலுங்கினாள். ஆபரேஷன் நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. வேண்டுமென்றே நாலாவதையும் பாழாக்கினார்.

காய் நறுக்குவதுதான் பெரிய பாடு. அரிவாள்மணையில் உட்கார வேண்டுமென்றால் தரை வரை குந்தியாக வேண்டும். சுவரைப் பிடித்து இறங்கிவிட்டார். முருங்கைக்காயும் கத்திரிக்காயும் ஒருவழியாக முடிந்தன. எழுந்திருக்க முடியவில்லை.

"சகாயம்! தூக்கிவிடு!"

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த காதர் மைதீன், "நில்லு தங்கச்சி" என்று குறுக்கே கையை நீட்டினார். "இவன் முட்டிக்குள்ள வயர் வச்சுத் தச்சிருக்காங்க. நீ இவனைத் தொடலாமா?"

சகாயம்மாள் நிஜமாகவே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். காதர் மைதீன் காந்தத்தை எடுத்து சவரிராஜின் முட்டியில் வைத்தார். தரையில் கிடந்தவர், "டேய் காதரு, வந்தேன்னா..." என்று பல்லைக் கடித்தார். காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது.

"ஒட்டலே. உசந்த சரக்கு. தாராளமாத் தூக்கும்மா!"

சஃபியா வந்து இந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் கை தட்டினாள். "இதைவிட நல்ல எக்சர்சைஸ் எனக்கே சொல்லத் தெரியாது மாமி. சாம்பாருக்கு ஒரு தரம், கூட்டுக்கு ஒரு தரம், பொரியலுக்கு ஒரு தரம், தனித்தனியா உக்காந்து எந்திரிக்கச் சொல்லுங்க. எல்லாக் காயையும் ஒரேயடியா நறுக்க விட்டுடாதீங்க."

அந்த வீட்டில் அதுவரை அவ்வளவு வகையாக யாரும் சாப்பிட்டதில்லை. ஒரு வாரம் சுவரைப் பிடித்து எழுந்தார். அடுத்த வாரம் சகாயம்மாளின் தோளைப் பிடித்து எழுந்தார். ஆனி மாதத்தில் ஒரு நாள், கையில் நறுக்கிய வாழைத்தண்டுத் தட்டோடு, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் குந்தினார், மறுபடியும் எழுந்தார். சகாயம்மாள் நாற்காலியிலிருந்தபடியே சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஊரின் கவனிப்பு இதற்குள் அவரிடமிருந்து அவளுக்கு இடம் மாறியிருந்தது. பஸ்ஸில் பெண்கள் அவளைச் சுற்றி நெருக்கமாக நின்றுகொண்டார்கள். அவள் எந்தக் கம்பியையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. காய்க்காரி தராசுத் தட்டிலிருந்து நேராக அவள் பையில் கொட்டினாள். சாமியார் வீட்டு கேட்டுக்கும் கயிறு வந்துவிட்டது.

காலைதோறும் சவரிராஜ் பெரிய பித்தளை அண்டா ஒன்றில் நெல்லை நிரப்பி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொல்லைப்புறத்து வாய்க்கால் கரையில் குந்தி எழுந்தார். வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடியது. எதிர் வயலில் குறுவை நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏங்க பெரியவரே, அண்டாவை எங்கேயாவது வைக்கணும்னா வைங்க, இல்ல எடுத்துக்கிட்டுப் போங்க. ஏன் ரெண்டுங்கெட்டானா நிக்கறீங்க?"

"அண்டா தூங்கலைடி, தாலாட்டறாரு!"

வயல் முழுக்கச் சிரிப்பு ஓடியது. சவரிராஜும் சிரித்துக்கொண்டே பன்னிரண்டு எண்ணினார். அண்டாவும் நெல்லும் சேர்ந்து நாற்பது கிலோ. அவர் கைக்குத் தெரியாத எடையா?

ஆனால் துபாய்க் கம்பியை அவர் தொடவில்லை. சாயங்காலம் கொட்டகைக்குப் போவார். ஒரு துணியை எண்ணெயில் நனைத்துத் துரு ஏறாமல் கம்பியைத் துடைப்பார், விரல் படாமல். தட்டுகளை நிற வரிசையில் அடுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்துவிடுவார்.

காதர் மைதீனுக்குப் பொறுக்கவில்லை. "சாமியாரே உன்னை விட்டுட்டாரு. தோசைக்கல்லைத் தொடுறே, அரிவாள்மணையைத் தொடுறே. இதுல மட்டும் என்னய்யா உனக்கு?"

"சாமியார் விட்டுட்டாரு மச்சான். அவ பயம் இன்னும் விடலையே. அவளா சொல்லாம நான் எப்படிப் பிடிக்கிறது?"

"அப்ப போய்க் கேளேன்."

"கேட்டா சரின்னு சொல்லிடுவா. எனக்காகச் சொல்லுவா. அதுதான் கேக்கல."

இது ஆடி போய் ஆவணி வரை நடந்தது. கடைசியில் போட்டு உடைத்தவள் சஃபியா. ஒரு வெள்ளிக்கிழமை தொடையை அளந்துவிட்டு, "ரெண்டு தொடையும் இப்ப ஏறக்குறைய ஒண்ணுதான் மாமி. மாமா கம்பியைத் தொட்டிருந்தா போன மாசமே சரியாயிருக்கும். துணியால துடைக்கிறாரு, அவ்வளவுதான். நீங்க சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்காராம்" என்றாள்.

சகாயம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். சவரிராஜ் தரையில் உட்கார்ந்து புடலங்காயை மிகக் கவனமாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க. சித்திரையிலேருந்தா?"

"ம்."

"சாமி உங்களைக் கட்டாதுன்னு சொன்ன நாளிலேருந்தா?"

"ஆமா சகாயம்."

"எனக்குக் கம்பி மேல கோபமெல்லாம் இல்லீங்க. ஆபரேஷன் அறைக்கு உங்களைத் தள்ளிக்கிட்டுப் போனப்ப, நீங்க என்னைப் பாத்துச் சிரிச்சீங்க. அவ்வளவு வலியில எனக்காகச் சிரிச்சீங்க. அதுதான் தாங்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கொட்டகைக்கு வரேன். ஒரே ஒரு தரம். நான் பாத்துக்கிட்டு இருக்கும்போது."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் சகாயம்மாள் அந்தக் கொட்டகைக்குள் காலை வைத்தது அன்றுதான். கதவோரமாக, எதிலும் படாமல், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். சஃபியா கம்பியில் இரண்டு நீலத் தட்டுகளை மாட்டினாள். அறுபது கிலோ. தவறினால் பிடித்துக்கொள்ள சவரிராஜின் முதுகுக்குப் பின்னால் காதர் மைதீன்.

சவரிராஜ் தாங்கியில் கிடந்த கம்பிக்கு அடியில் தோளைக் கொடுத்து எழுந்தார். இரண்டடி பின்னால் வைத்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குளிர்ந்த எடை தோளில் உட்கார்ந்தபோது, தூரத்து உறவுக்காரர் ஒருவர் வந்து கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினார். தரைக்குப் பக்கமாக, அடி வரை போனார்.

அங்கே நின்றுவிட்டார்.

வலி இல்லை. கால் நடுங்கவும் இல்லை. காதுக்குள் மட்டும் அந்தப் பழைய சத்தம், மூட்டை கிழிகிற சத்தம், வரப்போகிறது வரப்போகிறது என்று காத்திருந்தது. எழச் சொன்னால் கால் எழும். எழச் சொல்லத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மாமா, எந்திரிங்க!"

"மச்சான், பிடி!" என்றார் சவரிராஜ் திணறிக்கொண்டு.

பாய்ந்து வர வேண்டிய காதர் மைதீன் வரவில்லை. தட்டுகள் மாட்டுகிற பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியில் அவருடைய கைலி வசமாக மாட்டிக்கொண்டிருந்தது. ஓரடி எடுத்து வைத்தார். கைலி அவிழப் பார்த்தது. எதிரே தம்பி மகள், தங்கச்சி முறையில் சகாயம்மாள். கைலியா, கூட்டாளியா? "யா அல்லாஹ்!" என்று அலறிக்கொண்டு இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கணம் கொட்டகைக் கதவோரத்தில் யாரும் இல்லை. சகாயம்மாள் புருஷனின் முகத்துக்கு நேரே நின்றாள். இரண்டு உள்ளங்கையையும் கம்பிக்கு அடியில் கொடுத்திருந்தாள். "எந்திரிங்க. நான் இருக்கேன்ல, எந்திரிங்க" என்றாள்.

சவரிராஜ் எழுந்தார்.

கம்பியைத் தாங்கியில் வைத்தார். சகாயம்மாள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் எண்ணெய்க் கறுப்பு.

"தொட்டுட்டேன்" என்றாள், ஏதோ வேறு யாரோ செய்ததைப் பார்த்துவிட்ட மாதிரி.

முதலில் சிரித்தது சஃபியா. அப்புறம் யார் நிறுத்தினாலும் நிற்கவில்லை. காதர் மைதீன் ஒரு கையால் கைலியையும் இன்னொரு கையால் விலாவையும் பிடித்துக்கொண்டு பலகையிலேயே சாய்ந்துவிட்டார். "இது செல்லாது மாப்ள! தூக்கினது தங்கச்சி! மெடலை அவகிட்ட கொடு!"

"நான் எங்கே அண்ணே தூக்கினேன்? கையை வச்சேன், அவ்வளவுதான். தூக்கினது அவரு."

"கை பட்டாலே கணக்குல சேராது. சட்டம்னா சட்டம்."

சவரிராஜ் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார். அவள் கையிலிருந்து வந்தது இரண்டு கிலோ இருக்கும். மீதி ஐம்பத்தெட்டு அவருடையது. ஆனால் அந்த இரண்டு கிலோ வராமல் இருந்திருந்தால் அவர் இன்னும் அங்கேயேதான் குந்தியிருப்பார். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சகாயம்மாள் காதர் மைதீனைப் பார்த்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்படியா அண்ணே? சரி, இன்னொரு தரம் பண்ணச் சொல்லுங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். நீங்க முதல்ல உங்க கைலியை எடுத்துக்கிட்டு ஒழுங்கா நில்லுங்க."

சவரிராஜ் அவளைப் பார்த்தார். அவர் சித்திரையிலிருந்து காத்திருந்த வார்த்தை இது. அனுமதிகூட இல்லை, கிட்டத்தட்ட உத்தரவு. பயம் போன முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு மறந்தே போயிருந்தது.

மறுபடியும் தோளைக் கொடுத்தார். மறுபடியும் அடி வரை இறங்கினார். இந்தத் தடவை அங்கே நிற்கவில்லை. "ஏறு, ஏறு, ஏறு!" என்று மூன்று பேரும் போட்ட சத்தத்தில் கடைத்தெருவே பின்பக்கம் எட்டிப் பார்த்தது. காதுக்குள் காத்திருந்த அந்தப் பழைய சத்தம் இந்தக் கூச்சலில் வர வழியில்லாமல் போயிருக்க வேண்டும். அவர் நேராக நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கம்பியைத் திரும்ப வைக்க மறந்துவிட்டு, தோளில் அறுபது கிலோவோடு பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றவரை, சஃபியாதான் தோளைத் தட்டித் தாங்கிக்கு அனுப்பி வைத்தாள்.

அன்று மத்தியானமே சகாயம்மாள் அவரையும் இழுத்துக்கொண்டு சாமியார் ஆன்டோவிடம் போனாள். பொருத்தனை மீறினதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அவள் கட்சி.

"சாமி, கால் சரியாகிற வரைக்கும் தொட மாட்டேன்னு சொன்னேன். சரியாகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி தொட்டுட்டேன்."

சாமியார் இந்தத் தடவை புத்தகத்தை எடுக்கவில்லை. நடந்ததையெல்லாம் கைலி உட்படக் கேட்டார். சிரிப்பை அடக்கச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, மாதாவுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் வருத்தம் இருக்காது என்றும், பொருத்தனை இத்தோடு முடிந்தது என்றும், மனது கேட்கவில்லையென்றால் வெள்ளிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் கால் ஒடிந்து கிடக்கிற யாருக்காவது சோறு கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றும் சொன்னார். சவரிராஜ் தானே சமைப்பதாக ஏற்றுக்கொண்டார்.

"அது இருக்கட்டும்மா" என்றார் சாமியார், கேட்காமல் இருக்க முடியாமல். "எவ்வளவு இரும்பைத் தொட்டீங்க?"

"அறுபது கிலோ சாமி" என்றாள் சகாயம்மாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது என்று சொன்னால் அது பொய்.